மீட்பும் கைமாற்றமும்: தஞ்சாவூர் பாலசரஸ்வதியை முன்வைத்து

மாசி மாதத்துச் சிவராத்திரி நெருங்கிவிட்டால் காவிரிப் படுகையின் கோயில்களில் சலங்கை ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி, பின்னர் தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை என்று பரவி, இப்பகுதியின் ஆண்டுச் சடங்காகவே ஆகிவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடல் கடந்தும் வரும் இளம்பெண்கள் கல்மண்டபங்களின் முன் ஆடுகின்றனர். அதில் நமக்கு யாதொரு மனக்குறையும் இல்லை. நம் கேள்வியெல்லாம் அத்தகைய மேடைகளின் ஒலிபெருக்கியில் சலிக்காமல் ஒலிக்கும் ஒரு வாக்கியத்தைப் பற்றியது. சீரழிந்து கிடந்த சதிர் என்னும் கலையைச் சான்றோர் சிலர் மீட்டெடுத்துப் பரதநாட்டியம் என்னும் தூய வடிவில் நமக்கு அளித்தனர் என்பதே அவ்வாக்கியம். விழா மலர்களிலும், போட்டிக் கட்டுரைகளிலும், ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும்கூட அது சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது.

தமிழிலக்கணம் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இவ்வாக்கியத்தைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். மீட்டல் என்னும் வினை நிறைவுபெற மூவர் வேண்டும்: மீட்டவர், மீட்கப்பட்ட பொருள், யாரிடமிருந்து மீட்கப்பட்டதோ அவர். முதலிரண்டும் வாக்கியத்தில் உள்ளன. மூன்றாவது இல்லை. ஐந்தாம் வேற்றுமை மட்டும் விழுங்கப்பட்டிருக்கிறது. கலை யாரிடம் இருந்தது? எந்தப் பெண்கள் அதைத் தாயிடமிருந்து மகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வந்தனர்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது? இக்கேள்விகள் எழாதிருக்கும்பொருட்டே அவ்வாக்கியம் அப்படி அமைந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். நடந்தது மீட்பன்று, கைமாற்றம் என்பதே நம் வாதம். இதற்குச் சான்றாக ஒரு கலைஞரின் வாழ்வை முன்வைக்கிறோம்.

*

தஞ்சாவூர் பாலசரஸ்வதி 1918 மே 13 அன்று சென்னையில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நின்ற 'த' என்னும் தலையெழுத்து, பிறவாத ஊரின் நினைவைச் சுமந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த பாப்பம்மாள் என்னும் கலைஞரிலிருந்து தொடங்கும் குடும்பம் அது. பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள், மகள் ஆடும்போது பின்னிருந்து பாடியவர். தம்பியர் இருவருள் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் பெயர்பெற்றனர். ஆசான் கந்தப்பா பிள்ளையோ, இரண்டாம் சரபோஜியின் காலத்தில் தஞ்சையில் சிறந்து விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் மரபில் வந்தவர். ஏழு வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய அம்மன் கோயிலில் பாலாவின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றார். 1934இல் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டு நடனத்தை அறியாத வடபுலத்து அவை அன்று வியந்து நின்றது.

இந்த ஆண்டுகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'கலை சீரழிந்து கிடந்தது' என்று சொல்லப்படும் அதே காலத்தில்தான் இத்தனையும் நிகழ்கின்றன. 1931 மார்ச் 15 அன்று சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியராகிய கல்யாணியின் மகள்கள் இருவர் ஆடினர். வழக்கறிஞரும் தாமே சதிர் ஆடியவருமான ஈ. கிருஷ்ணய்யர் முயன்று ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சதிர் என்னும் பெயர் அகன்று பரதநாட்டியம் என்னும் பெயர் அவையேறியது. 1935இல் அடையாறு பிரம்மஞான சபை விழாவில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அவரும் கற்றது அதே பந்தணைநல்லூர்ப் பிள்ளையிடமும் அதே மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும்தான். கற்றுக்கொடுக்க ஆளிருந்த கலையை, கற்றுக்கொண்டவர் 'மீட்டார்' என்று சொல்வது எந்த நியாயத்தின்படி?

ருக்மிணி தேவியின் உழைப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. பொது மேடைக்கேற்ற ஒழுங்கும், நாட்டிய நாடகங்களும், ஒரு நிறுவனத்தின் கட்டுக்கோப்பும் அவருடைய கொடைகள். ஒருவருடைய கொடையைப் போற்றுவதற்காக இன்னொருவருடைய உடைமையை மறைக்க வேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது.

*

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று எழும். பொட்டுக்கட்டும் வழக்கம் கொடியதாயிற்றே, அதை ஒழித்தது தவறா என்று கேட்பார்கள். தவறில்லை, ஒழிக்கப்பட்டே ஆகவேண்டியது. அதைச் சொல்லும் உரிமை வேறெவரையும்விட மிகுதியாகப் பெற்றவர் மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார். அவ்வழக்கத்தின் உள்ளிருந்து வெளியேறி, சுயமரியாதை மேடைகளில் அதை எதிர்த்து முழங்கி, 1936இல் தம் வாழ்வறிவையே நாவலாக்கி வெளியிட்டவர் அவர். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கப்பட்ட திட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. சட்டமன்றத்தில் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் அச்சமூகத்துத் தாய்க்குப் பிறந்தவர்தாம். மறுபுறம், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அச்சட்டத்தை எதிர்த்து விண்ணப்பித்தனர். இரு தரப்பிலும் அச்சமூகத்துப் பெண்களே நின்று வாதாடினர் என்பதை நம் வரலாற்றுரைகள் சொல்வதில்லை.

1947 நவம்பரில் நிறைவேறிய சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்ததோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலோ சுவாமி புறப்பாட்டிலோ பெண் ஆடுவதையும் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதன்பின் முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, கோயிலிலேயே பெண்கள் ஆடும் விழா கோலாகலமாகத் தொடங்குகிறது. அப்போது ஆட்டம் பக்தியாகவும் பண்பாடாகவும் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மாறியது ஆடுபவரின் குலமும் குடும்பமும் மட்டுமே. பொட்டுக்கட்டுதல் ஒழிந்ததற்கு மகிழ்கிறோம். ஆனால் அந்தப் பெண்களின் கலையறிவுக்கும் அவர்கள் நம்பியிருந்த நிலமானியத்துக்கும் மேடைக்கும் ஈடாக என்ன தரப்பட்டது என்ற கணக்கை யாரும் எழுதவில்லை. இராமாமிர்தம் அம்மையார் கேட்டது பெண்ணின் விடுதலையை. கலையை வேறொரு வகுப்பின் கையில் ஒப்படைக்கும் பத்திரத்தில் அவர் கையெழுத்திடவில்லை.

*

பாலாவின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1941இல் கந்தப்பா பிள்ளை மறைந்தார். பாலாவின் உடல்நலம் குன்றியது, வாய்ப்புகள் அருகின. நடனம் நல்ல குடும்பத்துப் பெண்களுக்குரியது என்றாகிவிட்ட சூழலில், அதை நல்ல குடும்பங்களுக்குக் கற்பித்த மரபின் மகள் வீட்டிலிருந்தார். 1953இல் மியூசிக் அகாதெமியின் ஆதரவில் ஒரு சிறு நடனப் பள்ளி அவர் பொறுப்பில் அமைந்தது. 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 1957இல் பத்மபூஷண் விருதும் வந்தன. 1961இல் டோக்கியோவில் ஆடினார். 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழா மேடையிலும், 1963இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். பின்னர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். உலகம் அவரை இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் நடனக் கலைஞருள் ஒருவராகக் கொண்டாடியது. 1973இல் மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி என்றது. 1977இல் பத்மவிபூஷண் வந்தது. 1984 பிப்ரவரி 9 அன்று மறைந்தார். அவருடைய விரிவான வாழ்க்கை வரலாறு, மருமகன் டக்ளஸ் நைட் எழுதியது, 2010இல் வெளிவந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அவரைப் பற்றிய ஆவணப்படத்தை 1976இல் எடுத்தவர் வங்காளத்துச் சத்யஜித் ராய். தமிழ்நாட்டு அரசு அதற்குத் துணைநின்றது என்பது ஓர் ஆறுதல்.

விருதுகளால் பாலா வாழவைக்கப்பட்டார் என்று யாரேனும் சொல்லக்கூடும். விருதுகள் தனி ஒருவரைப் போற்றின. அவர் நின்று பேசிய தரப்பை ஒதுக்கின. அத்தரப்பு எது? சிருங்காரம். நடனத்தைத் 'தூய்மை' செய்கிறோம் என்று சொன்னவர்கள் முதலில் கைவைத்தது க்ஷேத்ரய்யரின் பதங்களிலும் சிருங்கார அபிநயத்திலும்தான். பாலா இதை வாழ்நாள் முழுவதும் மறுத்தார். 1975 டிசம்பரில் தமிழிசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில், ஒரு சதிர்க் கச்சேரியின் அமைப்பைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாயில், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம் என்று படிப்படியாக உள்ளே அழைத்துச்சென்று, வர்ணத்தில் சந்நிதியை அடைந்து, பதத்தில் கருவறையின் அமைதியைக் காட்டினார். சிருங்காரமே தலையாய சுவை, அதைத் தூய்மைப்படுத்த எவரும் வரவேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. புறத்திலிருந்து பக்தியைக் கொண்டுவந்து பூச வேண்டிய தேவை இல்லாத கலை அது. காதலுக்குள்ளேயே பக்தி இருக்கிறது என்று காட்ட அவருக்கு ஒரு கையசைவும் ஒரு பார்வையும் போதுமாயிருந்தன.

அகத்திணையைப் பாடமாக நடத்துபவர்களுக்கு இது புதிய செய்தியா? காதல் இல்லாமல் நம் இலக்கியத்தில் எஞ்சுவது என்ன? ஆழ்வார்கள் நாயகி பாவத்தில் பாடியதைப் பதவுரை சொல்லி நடத்துவோம். அதே பாவத்தை ஒரு பெண் உடலால் நிகழ்த்தினால் ஆபாசம் என்போம். ஏட்டில் இருந்தால் பக்தி, மேனியில் வந்தால் இழிவு. இந்த இரட்டை அளவுகோலுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. தஞ்சை மராட்டியர் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனத்தை நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். ஆங்கில அரசு அதை ஆபாசம் என்று தடைசெய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. பெண்ணே சிருங்காரத்தை எழுதினாள், பெண்ணே அதைப் பதிப்பித்தாள் என்பதே அதன் குற்றம். அந்த நாகரத்தினம்மாள்தான் தம் செல்வத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். தை மாத ஆராதனையில் அங்கே கூடிப் பாடுபவருள் எத்தனை பேர் அவரை நினைக்கின்றனர்?

*

இது நம் ஊரின் தனிநோய் என்று எண்ண வேண்டாம். எகிப்தைப் பாருங்கள். 1834இல் முகம்மது அலி பாஷாவின் அரசு கெய்ரோவின் பொது நடனப் பெண்களைத் தடைசெய்து, எஸ்னா முதலிய தென்பகுதி நகரங்களுக்குத் துரத்தியது. அந்த எஸ்னாவில் 1850இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளொபேர் சந்தித்த குச்சுக் ஹானெம் என்னும் நடனப் பெண் அவருடைய குறிப்புகளில் இடம்பெற்றாள். அவள் தன்னைப் பற்றித் தானே ஒரு சொல்லும் பேசவில்லை, ஃப்ளொபேரே அவளுக்காகப் பேசினார் என்று 1978இல் சுட்டிக்காட்டியவர் எட்வர்ட் சயீத். நமக்கும் ஒரு குச்சுக் ஹானெம் உண்டு. 1838இல் புதுவையை அடுத்த பகுதியிலிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் அழைத்துச் செல்லப்பட்ட நடனக் குழுவின் அம்மணி. கோத்தியே என்ற பிரெஞ்சுக் கவி அவளை வருணித்தார், ஒரு சிற்பி அவளைச் சிலையாக வடித்தார். அம்மணி என்ன நினைத்தாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் எகிப்து வேறொரு பெண்ணைக் கண்டது. இஸ்மாயிலியாவில் பிறந்து, 1930களில் கெய்ரோவில் பதியா மசாப்னியின் கேளிக்கை அரங்கில் ஆடத் தொடங்கி, திரைப்படத்திலும் நாடகத்திலும் புகழின் உச்சிக்குச் சென்ற தஹியா கரியோகா. மேலைநாட்டார் 'வயிற்று நடனம்' என்று பெயரிட்டுக் கொச்சைப்படுத்திய கலையை அரபியர் கீழை நடனம் என்றே அழைக்கின்றனர். தஹியா அதன் பெருங்கலைஞர். இடதுசாரித் தொடர்புக்காக 1950களில் சிறை சென்றார். 1956இல் சலாஹ் அபூ செய்ஃப் இயக்கத்தில் நடித்த படம் கான் விழாவுக்குச் சென்றது. 1987இல் நடிகர் சங்க உரிமைக்காக உண்ணாநோன்பிருந்தார். 1999இல் மறைந்தார். அவரைப் பற்றி 1990இல் சயீத் எழுதிய கட்டுரை நாம் அவசியம் படிக்க வேண்டியது. சிறுவனாக இருந்தபோது கண்ட ஆட்டத்தை நினைவுகூர்ந்து, அக்கலையின் சாரம் எவ்வளவு அசைகிறார் என்பதில் இல்லை, எவ்வளவு குறைவாக அசைகிறார் என்பதில் இருக்கிறது என்று அவர் கண்டுசொன்னார். பதம் பிடிக்கும் பாலாவுக்கும் பொருந்தும் சொல் அது. தஹியாவின் படங்களுக்கு ஒரு முழுமையான பட்டியல்கூட இல்லையே என்றும் சயீத் வருந்தினார்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரு முதன்மையான சிந்தனையாளர், இலக்கியத்துக்குத் தரும் அதே மரியாதையோடு ஒரு நடனப் பெண்ணைப் பற்றி எழுதினார், அவர் ஆடிய கேளிக்கை அரங்கை மறைக்கவில்லை, பல திருமணங்களுக்காக மன்னிப்புக் கேட்கவுமில்லை. தஹியாவைப் பற்றிப் பிறர் எழுதுவன பெரும்பாலும் கணவர்களை எண்ணுவதிலேயே கழிகின்றன. பாலாவைப் பற்றி நம் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளையில் எழும் முதற் கேள்வியும் அவர் யாருடைய துணைவி என்பதுதான். விடை நூல்களில் இருக்கிறது. அப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பாடகருடைய, எந்தக் கவிஞருடைய கலையைப் பற்றிய பேச்சு அவருடைய இல்லறத்தில் தொடங்குகிறது?

*

இந்த ஒவ்வாமையின் வேர் நம் கதைகளில் இருக்கிறது. ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின் பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்மாலையும் பெற்ற மாதவியின் ஊர் பூம்புகார், நாகையிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் வரும் ஊர். அவள் முடிவு என்ன? துறவு. சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாயனக்காரருக்கும் திருவாரூர் மோகனாம்பாளுக்கும் கொத்தமங்கலம் சுப்பு கற்பித்த கதை 1968இல் படமாகித் தமிழகத்தையே மயக்கியது. சிக்கல் நாகைக்குப் பக்கத்து ஊர். திருவாரூர் ஒரு மணி நேரப் பயணம். மோகனாவின் முடிவு என்ன? திருமணம். ஆடும் பெண் ஒன்று துறவியாக வேண்டும், அல்லது மனைவியாக வேண்டும். அப்போதுதான் நம் கண்ணில் நீர் வரும், கை தட்டும். பாலா இரண்டையும் செய்யவில்லை. தாயானார், பாட்டியின் மரபைப் பேணினார், முதுமையிலும் ஆடினார், தான் வந்த வழிக்காக நாணவில்லை. அதனால்தான் அவரை எந்தக் கதைக்குள்ளும் வைக்கத் தெரியாமல் விருதுகளுக்குள் வைத்துவிட்டோம்.

கல்வெட்டில் 'தேவரடியார்' என்று மதிப்போடு பொறிக்கப்பட்ட சொல், இன்று நம் தெருக்களில் மிக எளிதாக வாயில் வரும் வசையாகக் கிடக்கிறது. அதே தெருவின் கோயிலில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை 'மீட்பு' என்ற சொல்லால் மூடமுடியாது.

ஆகவே, கோரிக்கைகள் சில. அந்த வாக்கியத்தை இனி எழுதுவோர் அதன் ஐந்தாம் வேற்றுமையையும் சேர்த்து எழுதட்டும்: இன்னாரிடமிருந்து கற்று, இன்னாரை விலக்கி, இன்னார் மேடையேற்றினர் என்று. தமிழ்த்துறைகள் அரங்கேற்றுகாதை நடத்தும் வகுப்பில் பாலாவின் 1975 உரையையும் வைக்கட்டும். மாதவியைப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த உரை நமக்கு வாய்க்காது. படுகையின் ஊர்களில் அந்தக் குடும்பங்களின் முதியோரிடம் எஞ்சியிருக்கும் பதங்களையும் நினைவுகளையும், அவர்கள் விரும்பினால், விரும்பும் பெயரில் மட்டும், பதிவு செய்ய ஆய்வு மாணவர்கள் புறப்படட்டும்.

இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயில் கட்டப்பட்ட காலத்தில் இராசராசன், திருவாரூர் உள்ளிட்ட சோழநாட்டுத் தளிகளிலிருந்து நானூறு பெண்களைத் தஞ்சைக்குக் கொணர்ந்து, ஒவ்வொருவர் பெயரையும், வந்த கோயிலையும், தந்த வீட்டையும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லாகிய பங்கையும் கல்லில் வெட்டுவித்தான். அரசனின் ஆணையால் இடம்பெயர்க்கப்பட்டவர்கள்தாம் அவர்கள். அதைப் பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் ஆடியவர் யார் என்பதை மறைக்க அவன் முயலவில்லை. நாட்டியாஞ்சலி மேடைகளில் புரவலர்கள் பெயரைப் படிக்க எப்போதும் நேரம் கிடைக்கிறது. வரும் மாசியில் அந்த நானூறு பெயர்களுள் பத்தையேனும், அவற்றோடு பந்தணைநல்லூர் மரபில் ஆடிய கல்யாணியின் மகள்கள் பெயரையும், மயிலாப்பூர் கௌரி அம்மாள் பெயரையும், தஞ்சாவூர் பாலசரஸ்வதி பெயரையும் படித்துவிட்டு முதல் அலாரிப்பைத் தொடங்கட்டும்.